பெயரில்லாத சுட்டி

வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. தொட்டால் வங்கியின் பக்கம் திறக்கிறது. லோகோ சரியாக இருக்கிறது, நிறமும் சரி, பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம்கூட அச்சு அசல். மேலே முகவரிப் பட்டையில் மட்டும் வங்கியின் பெயர் இல்லை. அங்கே நான்கு எண்களும் இடையில் மூன்று புள்ளிகளும் இருக்கின்றன. 203.0.113.45 என்பது போல. (பயப்பட வேண்டாம், இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்த எண் வரிசையில் ஒன்று.)

இப்படி வெறும் எண்ணாக வரும் பக்கத்தை பிரவுசர் திறக்கவே கூடாது என்று ஒரு விதி போட்டுவிடலாமா? போடலாம், போடுவது நல்லது என்பதுதான் என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்ணையும் அடைத்தால் வீட்டு ரௌட்டரின் பக்கம் திறக்காது, ஆபீஸ் பிரிண்டரின் பக்கம் திறக்காது, கல்லூரி விடுதியில் இணையத்துக்கு லாகின் செய்யும் பக்கமும் திறக்காது. எதை அடைப்பது, எதை விடுவது என்று தெரிந்தால் இந்த விதி நமக்குக் காவல்; தெரியாவிட்டால் தினசரித் தலைவலி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடிப் போவது எப்போதுமே எண்ணை வைத்துத்தான். பெயர் நமக்காக வந்தது. எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும்; மற்ற ஊர்க்காரர்கள் அதை நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நாம் பெயரைத் தட்டினால், பிரவுசர் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் 'இதற்கு எண் என்ன?' என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் அந்த எண்ணுக்குப் போகிறது. எண்ணையே நேராகத் தட்டினால் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் நம் காவல் ஏற்பாடுகளில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது. வீட்டில் பை-ஹோல் வைத்திருக்கிறீர்கள், அல்லது ரௌட்டரில் குவாட்9 சேவையின் 9.9.9.9 என்ற எண்ணைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது பிள்ளைகளுக்காக கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவையெல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கெட்ட பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்ல மறுக்கின்றன. எண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரும் லிங்க் இவற்றிடம் எதையும் கேட்பதில்லை, நேராகப் போய்விடுகிறது. வடிகட்டியின் பதிவேட்டில்கூட ஒரு வரி இருக்காது. டிஎன்எஸ் வடிகட்டி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் ஆபீஸ்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு டொமைனை யாரோ பணம் கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள்; எந்தத் தேதியில், எந்தப் பதிவாளரிடம் என்று பார்க்க முடியும். நேற்றுப் பதிவான பெயரில் இன்று வங்கிப் பக்கம் வந்தால் சந்தேகப்பட முடியும். புகார் கொடுத்தால் பதிவாளர் அந்தப் பெயரையே முடக்க முடியும். எண் அப்படியல்ல, லாட்ஜ் அறை எண் மாதிரி. லாட்ஜ் யாருடையது என்று தெரியும். ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் பதிவேட்டில் எந்த நிறுவனத்தின் எண் என்று தேடிப் பார்க்கலாம். அறையில் இன்று தங்கியிருப்பது யார் என்பது அதில் இருக்காது. நேற்று இருந்தவர் காலி செய்துவிட்டு இன்று வேறொருவர் வந்திருக்கலாம். வாடகையும் பெரிதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து அமேசானின் கிளவுட் சேவை ஐபிவி4 என்ற இந்த நான்கு துண்டு வகையில் ஒரு பொது எண்ணுக்கு மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, நம் கணக்கில் ஐம்பது காசுக்கும் குறைவு. இது போக, யாரோ ஒருவரின் வீட்டு ரௌட்டரையோ கேமராவையோ கைப்பற்றி அதிலிருந்து வைரஸ் கோப்பு பரிமாறுகிறவர்களுக்கு வாடகையே கிடையாது. அந்தக் கருவிக்குப் பெயர் எதுவும் இல்லை, எண் மட்டும்தான்.

மோசடிப் பக்கங்களைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிகளில் 'முகவரியில் பெயருக்குப் பதில் எண் இருக்கிறதா' என்பது வெகுகாலமாகவே ஒரு அடையாளம். ஸ்பேம் அசாசின் என்ற மின்னஞ்சல் வடிகட்டியிலும் இதற்கென்று தனி விதி உண்டு. ஏமாற்றுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் எண்ணை எண் மாதிரித் தெரியாமல் எழுதும் வழிகளைக் கையாள்கிறார்கள். இது கொஞ்சம் விசித்திரமான சமாச்சாரம், பொறுமையாகக் கேளுங்கள்.

192.168.1.1 என்பது உண்மையில் ஒரே ஒரு பெரிய எண். படிக்க வசதியாக நான்காக உடைத்து எழுதுகிறோம், அவ்வளவுதான். உடைக்காமல் எழுதினால் 3232235777. பிரவுசரில் முன்னால் எச்டிடிபி எல்லாம் முழுசாகப் போட்டு இந்தப் பத்து இலக்கத்தைத் தட்டிப் பாருங்கள், உங்கள் ரௌட்டர் அந்த எண்ணில் இருந்தால் அதன் பக்கம்தான் திறக்கும். எட்டடிமான முறையில் 0300.0250.01.01 என்று எழுதினாலும் அதே இடம். 192.168.257 என்று மூன்று துண்டாக எழுதினாலும் அதே இடம்தான். 1998இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 இந்தப் புள்ளியில்லாத எண்ணைப் பார்த்துவிட்டு, புள்ளி இல்லையென்றால் ஆபீஸுக்குள் இருக்கும் கணினிதான் என்று நம்பி, வெளித்தளத்துக்கு உள்வலையின் சலுகைகளைக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் எமோடெட் என்ற வைரஸைப் பரப்பியவர்கள் இதே போன்ற எட்டடிமான, பதினாறடிமான எழுத்து முறைகளை ஆவணங்களுக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் எழுதியது.

இத்துடன் @ குறியைச் சேர்த்தால் இன்னும் மோசம். முகவரியில் @ குறிக்கு முன்னால் வருவது பயனர் பெயர். பிரவுசர் போக வேண்டிய இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே முன்னால் ஒரு நம்பகமான நிறுவனத்தின் தளப் பெயர், நடுவில் @, பின்னால் ஒரு பத்து இலக்க எண் என்று எழுதினால் கண் முன்பகுதியைப் படிக்கிறது, பிரவுசர் பின்பகுதிக்குப் போகிறது. கூகுளின் பெயரை முன்னால் வைத்து இப்படி எழுதிய லிங்க்குகள் வழியாக வைரஸ் பரவியதை 2023 மே மாதம் மாண்டியன்ட் நிறுவனத்தார் விளக்கி எழுதினார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம். எழுத்தாகவே லிங்க்கைப் பார்க்கும் வடிகட்டியை இந்த வேஷங்கள் ஏமாற்றிவிடும். இன்றைய பிரவுசரை ஏமாற்ற முடியாது. எந்த வேஷத்தில் வந்தாலும் பிரவுசர் அதை முதலில் நான்கு துண்டு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் மேற்கொண்டு போகும். எக்ஸ்டென்ஷன்களின் கைக்கு வருவதும் அந்த மாற்றிய வடிவம்தான். விதியை பிரவுசருக்குள் வைப்பது சிறந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, என் கடை கேமராவை நான் வீட்டிலிருந்து பார்க்கிறதே நம்பர் போட்டுத்தான். அதையும் அடைக்கச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி. கேமரா மாட்டியவர் கடை இணைப்புக்கு ஒரு நிலையான ஐபி வாங்கி, ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டு, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். சின்னக் கடைகள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு.

"அண்ணே, அந்த நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியும்னு நினைக்காதீங்க" என்றேன். ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்ற கருவியைச் செய்தார்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பு இருந்தால் சாதாரணக் கணினி ஒன்றே 45 நிமிடத்துக்குள் அத்தனை பொது எண்களையும் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். எனவே இணையத்தில் திறந்திருக்கும் கேமராப் பெட்டியை யாரும் குறிவைத்துத் தேட வேண்டியதில்லை, எல்லாக் கதவையும் தட்டுகிறவன் அதையும் தட்டுவான். 2016இல் மிராய் என்ற வைரஸ் செய்தது இதுதான். தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும் அறுபதுக்கும் மேற்பட்ட யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை.

அண்ணனின் கேமராப் பக்கம் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கிறது. அவர் தட்டும் பாஸ்வேர்ட் வழியில் மறைப்பில்லாமல் போகிறது. ஆகவே பிரவுசர் அதைத் தடுத்தால் தவறு பிரவுசருடையது அல்ல. ரௌட்டரில் வயர்கார்ட் போன்ற விபிஎன் அமைத்துவிட்டு வெளிப் போர்ட்டை மூடிவிட வேண்டும். பிறகு வீட்டிலிருந்தும், கடைக்குள் உட்கார்ந்திருப்பது போலவே 192.168 என்று தொடங்கும் எண்ணில் கேமராவைப் பார்க்கலாம். கொஞ்சம் வேலை பிடிக்கும், ஒருமுறை செய்தால் போதும்.

இங்கே ஒரு வேறுபாடு வந்துவிட்டது, கவனித்தீர்களா? 192.168 என்று தொடங்கும் எண்கள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகியவை தனி வலைகளுக்கென்று 1996இல் ஒதுக்கப்பட்டவை. 127 என்று தொடங்குபவை நம் கணினிக்குள்ளேயே திரும்பி வருபவை. ஜியோ ஃபைபர் ரௌட்டரின் 192.168.29.1 தனி வலை எண்களில் ஒன்று. இந்த எண்களை நீங்களே தட்டித் திறப்பதில் தவறில்லை, அதை அடைக்கக் கூடாது. ஆனால் எங்கோ இருக்கும் ஒரு வலைத்தளம், உங்கள் பிரவுசரைத் தூதாக வைத்து, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் இந்த எண்களைத் தொட முயன்றால்? வெளி எண்களைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துவது, ஏனென்றால் முகவரிப் பட்டையில் எதுவுமே தெரியாது.

2007இலேயே சிட் ஸ்டாம், சுல்ஃபிகர் ராம்ஸான், மார்கஸ் யாகப்சன் ஆகிய மூவர் இதை எழுதிக் காட்டினார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், அதிலுள்ள ஸ்கிரிப்ட் பாஸ்வேர்ட் மாற்றாத ரௌட்டருக்குள் போய் டிஎன்எஸ் சர்வரையே மாற்றிவிடலாம். அதன் பிறகு வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் மோசடிக்காரனின் எண்தான் பதிலாக வரும். 2020இல் ஈபே தளம், வருகிறவர்களின் கணினியில் எந்தெந்தப் போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று உள்ளே தட்டிப் பார்ப்பது வெளியே வந்தது. மோசடியைத் தடுக்கத்தான் என்றாலும் வருகிறவரைக் கேட்டுச் செய்யவில்லை. 2024 ஆகஸ்டில் ஒலிகோ என்ற பாதுகாப்பு நிறுவனம் 0.0.0.0 என்ற எண்ணைப் பற்றி எழுதியது. மேக்கிலும் லினக்ஸிலும் அந்த எண் வழியாக எந்த வலைத்தளமும் நம் கணினிக்குள் ஓடும் சேவைகளைத் தொட முடிந்தது. அந்த ஓட்டையைப் பற்றிய புகார் பதினெட்டு ஆண்டுகளாக இருந்துவந்தது.

2025 ஜூனில் வெளியானது இன்னும் பெரிய செய்தி. மாட்ரிட்டின் இம்டியா நெட்வொர்க்ஸ், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது: ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் போனுக்குள்ளேயே சில போர்ட்களில் காது கொடுத்துக் காத்திருந்தன. நாம் பிரவுசரில் வேறு ஏதோ தளத்தைத் திறந்தால், அதில் இருக்கும் மெட்டாவின் பிக்சல் ஸ்கிரிப்ட் 127.0.0.1 வழியாக அந்தச் செயலிக்குச் சேதி அனுப்பிற்று. யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது பெயரோடு பொருந்திவிடும்; இன்காக்னிட்டோவில் பார்த்தாலும் தப்பவில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2017இலிருந்தே இது போன்றதைச் செய்துவந்ததாகவும் அவர்கள் எழுதினார்கள். செய்தி வந்த அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது.

இப்போது குரோமே விழித்துக்கொண்டுவிட்டது. 2025 அக்டோபரில் வந்த 142ஆம் பதிப்பிலிருந்து, ஒரு வெளித்தளம் உங்கள் வீட்டு வலையிலுள்ள கருவிகளைத் தொட முயன்றால் அனுமதி கேட்கிறது. அந்தப் பெட்டி வந்தால், பிரிண்டரோ டிவியோ இணைக்கும் வேலையில் நீங்களே இருந்தால் ஒழிய, வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனின் பட்டியல்களில், வெளியார் உள்வலைக்குள் நுழைவதைத் தடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும்.

வெளி எண்களுக்கான விதியையும் அதே எக்ஸ்டென்ஷனில் சொந்த ஃபில்டராக எழுதலாம். அதன் பொருள் இவ்வளவுதான்: பக்கத்தின் முகவரியில் பெயர் வர வேண்டிய இடத்தில் எண்ணும் புள்ளியும் மட்டுமே இருந்தால் நிறுத்து, சதுர அடைப்புக்குறியில் தொடங்கினாலும் நிறுத்து, ஏனென்றால் ஐபிவி6 என்ற புதிய வகை எண்கள் அப்படித்தான் எழுதப்படும், மேலே சொன்ன தனி வலை எண்களை விட்டுவிடு. பலரும் ஐபிவி6ஐ மறந்துவிடுகிறார்கள், அப்போது பாதி விதிதான் போட்டதாகும். ஆபீஸில் ஸ்குவிட் போன்ற பிராக்ஸி இருந்தால் அங்கேயும் இதை எழுதலாம். ஒரு காலத்தில் ஸ்கைப்பைத் தடுக்க விரும்பியவர்கள் ஸ்குவிட்டில் இதே எண் விதியைத்தான் பயன்படுத்தினார்கள், புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபயர்வாலில் இதைச் செய்யப் போகாதீர்கள். வீடியோ அழைப்புகள் படத்தையும் குரலையும் எண்ணுக்கு எண் நேராகத்தான் அனுப்புகின்றன. டெலிகிராம் போன்ற செயலிகள் தம் சர்வர் எண்களைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவையெல்லாம் நின்றுபோகும். பிரவுசர் திறக்கும் பக்கத்துக்கு மட்டும் விதி போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

விதி போட்ட பிறகு நல்ல தளம் எத்தனை அடைபடும் என்ற பயம் வேண்டாம். இன்று பல ஆயிரம் தளங்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பெயரைச் சொன்னால்தான் எந்தத் தளம் வேண்டும் என்று சர்வருக்கே தெரியும். கிளவுட்ஃப்ளேரின் எண் ஒன்றை நேராகத் தட்டினால் 1003 என்ற பிழை எண்ணோடு, நேரடி ஐபி அணுகலுக்கு அனுமதி இல்லை என்று அவர்களே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் நான் தயங்குவேன். 2010 டிசம்பரில் எவ்ரிடிஎன்எஸ் என்ற நிறுவனம், தாக்குதல்களைக் காரணம் காட்டி, விக்கிலீக்ஸ் தளத்தின் பெயருக்குச் சேவை தருவதை நிறுத்தியது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் மட்டும் செத்துப்போனது. வாசகர்கள் எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லி உள்ளே போனார்கள். பெயரைப் பிடுங்க முடிந்தவர்கள் இருக்கும்வரை எண்ணுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். அதனால் இந்த விதி பிரவுசரில் எழுதியே தீர வேண்டிய கட்டாயமாக இருக்கக் கூடாது. வீட்டுக்காரரோ ஆபீஸ்காரரோ தாமே போட்டுக்கொள்வதாகவும், தடுத்த பக்கத்தில் 'தெரிந்துதான் போகிறேன்' என்று தொடரும் பொத்தானோடும் இருக்க வேண்டும். யூபிளாக் அப்படித்தான் கேட்கிறது.

இந்த விதியால் பிடிக்க முடியாதவையும் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். நிப்.ஐஓ போன்ற சேவைகள் எந்த எண்ணையும் ஒரு பெயருக்குள் பொதித்துத் தருகின்றன, அப்படி வந்தால் விதிக்கு அது பெயராகத்தான் தெரியும். பெயரும் எச்டிடிபிஎஸ் பூட்டும் வைத்துக்கொண்டே வரும் மோசடிப் பக்கங்கள் ஏராளம். 2024இலிருந்து 'கிளிக்ஃபிக்ஸ்' என்று ஒன்று பரவுகிறது: நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் இதை ஒட்டி என்டர் தட்டுங்கள் என்கிறது. ஒட்டுவது ஒரு கட்டளை, அதற்குள் ஒரு எண் முகவரி இருந்தாலும் அது பிரவுசர் வழியாகப் போவதில்லை. விதி அதைப் பார்க்கவே பார்க்காது. எந்த வலைத்தளமும் உங்களை அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

விதியை இப்போதே போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் எண் முகவரிக்குப் பூட்டுச் சான்றிதழ் கிடைப்பது அரிதாக இருந்தது. எச்டிடிபிஎஸ்ஸில் வந்தால் பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கம் பெரிதாக வந்து நிறுத்தும். 2025 ஜூலையில் லெட்ஸ் என்கிரிப்ட் எண் முகவரிக்கான தன் முதல் இலவசச் சான்றிதழை வழங்கியது. ஆறு நாட்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் அது செல்லும். வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் டிஎன்எஸ் சேவைகளுக்கும் அது உண்மையிலேயே பயன்படும் ஏற்பாடு. ஆனால் அந்த எச்சரிக்கைப் பக்கத்தை நம்பி இருந்தவர்கள், இனி எண் முகவரியும் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் திறக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.